1729-ஐ 7, 13, 19 அடிமானங்களில் எழுதினால் வரும் இலக்கக் கூட்டு: தற்செயலா, காரணம் உண்டா?

கோலப்புள்ளி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு டியூஷன் வரும் பிள்ளைகளுக்குப் பத்து அல்லாத அடிமானங்களில் எண்ணை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். ராமானுஜன் எண் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று 1729-ஐ எடுத்தேன். 1729 = 7 × 13 × 19. சரி, அந்த மூன்று பகா எண்களையே அடிமானமாக வைப்போம் என்று தோன்றியது. வந்தது இது:

அடிமானம் 7: 5, 0, 2, 0 (5×343 + 0×49 + 2×7 + 0 = 1715 + 14)

அடிமானம் 13: 10, 3, 0 (10×169 + 3×13 + 0 = 1690 + 39)

அடிமானம் 19: 4, 15, 0 (4×361 + 15×19 + 0 = 1444 + 285)

அடிமானம் பத்தைத் தாண்டினால் 10, 15 எல்லாம் ஒரே இலக்கம் என்பதால் காற்புள்ளி போட்டிருக்கிறேன்.

இப்போது இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 5+0+2+0 = 7. 10+3+0 = 13. 4+15+0 = 19. ஒவ்வொன்றிலும் அடிமானமே கூட்டுத்தொகையாக வந்து நிற்கிறது!

கடைசி இலக்கம் 0 என்பது புரிகிறது, மூன்றும் காரணிகள்தானே. கூட்டுத்தொகை ஏன் இப்படி? பிள்ளைகள் கேட்டார்கள். பதிலோடு அவர்கள் முன்னால் போய் நிற்க ஆசை.

பழையபாடத்திட்டம்:

அம்மா, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இலக்கங்களை வைத்துச் சொல்லப்படும் எதையும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். அடிமானம் என்பது எண்ணுக்கு நாம் மாட்டிவிடும் சட்டை. சட்டையின் நிறத்தை வைத்து ஆளை எடைபோட முடியாது.

1729-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிமானத்தில் 1+7+2+9 = 19. அதைத் திருப்பிப் போட்டால் 91. 19 × 91 = 1729. இப்படி வரும் எண்கள் மொத்தமே நான்குதான்: 1, 81, 1458, 1729. மசாஹிகோ ஃபுஜிவாரா என்ற ஜப்பானியக் கணிதர் காட்டியது. கேட்க இனிமை. ஆனால் மனிதனுக்குப் பன்னிரண்டு விரல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பன்னிரண்டடிமானத்தில் 1729 என்பது 1001, கூட்டுத்தொகை 2. அதை வைத்து என்ன செய்வது?

தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்று ராமானுஜனிடம் சொன்ன கணிதர் ஹார்டியே இதைச் சொல்லியிருக்கிறார். 1940-இல் வெளிவந்த அவருடைய நூலில் 8712, 9801 இரண்டையும் காட்டுகிறார். தம்மைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்காக இருக்கும் நான்கிலக்க எண்கள் அவை மட்டுமே (8712 = 4×2178, 9801 = 9×1089). செய்தித்தாள் புதிர்ப் பகுதிக்கு ஏற்றது, கணிதர் மனதைத் தொட இதில் ஏதும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. நானும் அந்தப் பக்கம்தான்.

மீதிஒன்று:

ஐயா, ஹார்டி சொன்னது பத்தடிமானத்துக்குச் சரி. பத்துக்கும் 8712-க்கும் எந்த உறவும் இல்லை. டீச்சர் செய்திருப்பது வேறு: எண்ணின் சொந்தக் காரணிகளையே அடிமானமாக வைத்திருக்கிறார். எந்த அடிமானம் என்பதை இங்கே எண்ணே சொல்கிறது, நம் விரல்கள் சொல்லவில்லை.

முதல் பாதியை இப்போதே விளக்கிவிடலாம். பத்தடிமானத்தில் ஒன்பதால் வகுத்து மீதி பார்க்க இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். காரணம், 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. 100-க்கும் 1000-க்கும் அப்படியே. இது எல்லா அடிமானத்துக்கும் பொருந்தும். ஏழடிமானத்தில் இலக்கக் கூட்டு 6-ஆல் வகுத்த மீதியைச் சொல்லும், பதின்மூன்றில் 12-ஆல், பத்தொன்பதில் 18-ஆல்.

இப்போது 1729-இல் ஒன்றைக் கழியுங்கள். 1728 = 12 × 12 × 12. இது 6, 12, 18 மூன்றாலும் வகுபடும். ஆகவே 1729-ஐ இந்த மூன்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1.

அதாவது ஏழடிமானத்தில் இலக்கக் கூட்டு 1, 7, 13, 19... இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பதின்மூன்றில் 1, 13, 25... பத்தொன்பதில் 1, 19, 37... இது தற்செயல் இல்லை. 1729 ஒரு கார்மைக்கேல் எண் என்பதன் மறுவடிவம்தான் இது.

மீதிப் பாதி: இந்த வரிசைகளில் ஏன் சரியாக 7, 13, 19 வந்தன? அதற்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

பிளஸ்ஒன்பையன்:

அண்ணா, கார்மைக்கேல் எண் என்றால் என்ன?

மீதிஒன்று:

தம்பி, ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து தொடங்கு. ஓர் எண்ணை 7 அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணைக் கழித்தால் விடை 7-ஆல் வகுபடும். 2-ஐ வைத்துப் பார்: 128 − 2 = 126 = 7 × 18. எந்த எண்ணை எடுத்தாலும் சரி, 7-க்குப் பதில் எந்தப் பகா எண்ணை வைத்தாலும் சரி.

இதைப் பகா எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனையாக வைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பகா எண்ணாக இல்லாமலே, எல்லா எண்களுக்கும் இந்தச் சோதனையில் தேறிவிடும் எண்கள் உண்டு. அவைதான் கார்மைக்கேல் எண்கள். அடையாளம் காணும் விதியை கோர்செல்ட் 1899-இல் கொடுத்தார்: எந்தப் பகாக் காரணியும் இரண்டு தடவை வரக்கூடாது, ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் கழித்து வரும் எண், மூல எண்ணில் ஒன்றைக் கழித்ததை மீதியின்றி வகுக்க வேண்டும். 1729-க்கு 6, 12, 18 மூன்றும் 1728-ஐ வகுக்கின்றனவே, அதுதான். கார்மைக்கேல் 561-ஐக் காட்டியது 1910-இல். அவருக்கும் முன்னால், 1885-இலேயே செக் நாட்டு ஷிமெர்கா முதல் ஏழையும் பட்டியல் போட்டுவிட்டார்: 561, 1105, 1729, 2465, 2821, 6601, 8911.

நிரலன்:

அந்த ஏழு எண்களுக்கும் பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதி ஓட்டினேன். ஒவ்வொன்றையும் அதன் பகாக் காரணிகளின் அடிமானத்தில் எழுதி இலக்கக் கூட்டு எடுத்தேன்:

561 = 3×11×17: கூட்டுகள் 7, 11, 17
1105 = 5×13×17: கூட்டுகள் 9, 13, 17
1729 = 7×13×19: கூட்டுகள் 7, 13, 19
2465 = 5×17×29: கூட்டுகள் 13, 17, 29
2821 = 7×13×31: கூட்டுகள் 7, 13, 31
6601 = 7×23×41: கூட்டுகள் 13, 23, 41
8911 = 7×19×67: கூட்டுகள் 19, 19, 67

கவனியுங்கள்: பெரிய இரண்டு காரணிகளிலும் எல்லா எண்ணுக்கும் கூட்டுத்தொகை அடிமானமேதான். சின்னக் காரணியில்தான் ஆட்டம். அங்கேயும் பொருந்துவது 1729, 2821 இரண்டுக்கு மட்டும். அதில் 1729 முதலாவது.

கோலப்புள்ளி:

நிரலன், இந்தப் பட்டியலை அப்படியே சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டப் போகிறேன். பெரிய இரண்டில் ஏன் எப்போதும் பொருந்துகிறது?

மீதிஒன்று:

பட்டியலே பாதி பதிலைச் சொல்லிவிட்டது.

1729-ஐ 19 அடிமானத்தில் எழுதுவோம். கடைசி இலக்கம் 0, அதை எடுத்துவிட்டால் மிச்சம் 1729 ÷ 19 = 91. இது 19 × 19 = 361-ஐவிடச் சிறியது, ஆகவே அதிகபட்சம் இரண்டு இலக்கம். ஓர் இலக்கத்தின் உச்சம் 18. இரண்டும் சேர்ந்தால் அதிகபட்சம் 36.

கூட்டு 1, 19, 37 என்ற வரிசையில்தான் வர வேண்டும் என்று மேலே பார்த்தோம். 37 எட்டாது. 1 வர வேண்டுமானால் அந்த மிச்சம் 1 ஆகவோ 19 ஆகவோ இருக்க வேண்டும். 1 என்றால் மூல எண்ணே 19 என்ற பகா எண். 19 என்றால் மூல எண் 19×19, ஒரே காரணி இரண்டு தடவை வரக்கூடாது என்ற விதி அடிபடும். மிஞ்சுவது 19 மட்டும். வேறு வழியே இல்லை!

இந்த வாதத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: மற்றக் காரணிகளின் பெருக்கல், அடிமானத்தின் வர்க்கத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மூன்று காரணிகள் உள்ள எண்ணில் பெரிய காரணிக்கு இது எப்போதும் உண்மை. நடுக் காரணிக்கு நிரலனின் ஏழு எண்களில் ஐந்துக்கு உண்மை: 1729-க்கு 7×19 = 133, 13×13 = 169. 2821-க்கு 7×31 = 217, இது 13×13 = 169-ஐத் தாண்டிவிடுகிறது; 8911-க்கு 7×67 = 469, இது 19×19 = 361-ஐத் தாண்டிவிடுகிறது; இந்த இரண்டில் மட்டும் இந்த வாதம் வேலை செய்யாது. அங்கேயும் கூட்டு அடிமானமாகவே வந்தது, ஆனால் இந்த வாதம் அதைச் சொல்லவில்லை. மற்ற ஐந்திலும் கட்டாயம்.

சின்னக் காரணி 7-க்கு மிச்சம் 13×19 = 247. இது 49-ஐத் தாண்டுகிறது, மூன்று இலக்கம் வரும். உச்சக் கூட்டு 18. ஆகவே 7 வரலாம், 13-உம் வரலாம். 6601-க்கு 13 வந்தது, 1729-க்கு 7 வந்தது.

பழையபாடத்திட்டம்:

நிரூபணம் சுத்தமாக இருக்கிறது, பாராட்டுகள். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டு அடிமானங்களில் கட்டாயம். மூன்றாவதில் 7-ஆ 13-ஆ என்பது நாணயம் சுண்டுவது மாதிரி. 1729-க்குப் பூ விழுந்தது. இதில் எண்ணின் குணம் எங்கே இருக்கிறது?

கோலப்புள்ளி:

ஐயா, அந்த இடத்தைத்தான் பேப்பரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பூ விழவில்லை, விழ வைத்தது அந்த எண்ணின் அமைப்பு. பாருங்கள்.

7, 13, 19 சீரான இடைவெளியில் இருக்கின்றன. 7-ஐ ப என்று வைத்தால் 13 = 2ப − 1, 19 = 3ப − 2. மூன்றையும் பெருக்கினால்:

ப × (2ப − 1) × (3ப − 2) = 6ப³ − 7ப² + 2ப

இது கிட்டத்தட்ட ப அடிமானத்தில் எழுதியது போலவே இருக்கிறது. நடுவில் −7 என்ற கழித்தல் மட்டும்தான் இடைஞ்சல். இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பது போல 6-இலிருந்து ஒன்றைக் கடன் வாங்குவோம். 6 ஐந்தாகும். அடுத்த இடத்துக்கு ப வந்து சேரும், அது ப − 7 ஆகும். இலக்கங்கள்:

5, ப − 7, 2, 0

கூட்டினால் 5 + ப − 7 + 2 = ப. சரியாக ப! ப = 7 என்று போட்டால் 5, 0, 2, 0. நான் முதலில் எழுதிய அதே விடை.

ப எவ்வளவு பெரிதானாலும் 5-உம் 2-உம் அசையவில்லை பாருங்கள். நடு இலக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

மீதிஒன்று:

டீச்சர், அருமை. இது செர்னிக் 1939-இல் கொடுத்த வடிவம்: (6க+1)(12க+1)(18க+1). மூன்றும் பகா எண்களாக அமையும்போதெல்லாம் பெருக்கல் ஒரு கார்மைக்கேல் எண். க = 1 என்றால் 1729. உங்கள் கணக்கை மற்ற இரண்டுக்கும் நீட்டினால், க-வை வைத்து:

அடிமானம் 6க+1: இலக்கங்கள் 5, 6க−6, 2, 0
அடிமானம் 12க+1: இலக்கங்கள் 9க+1, 3க, 0
அடிமானம் 18க+1: இலக்கங்கள் 4க, 14க+1, 0

மூன்றிலும் கூட்டுத்தொகை அடிமானமே. ஆகவே செர்னிக் வடிவக் கார்மைக்கேல் எண்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. நாணயம் சுண்டுவதற்கு இடமே இல்லை.

நிரலன்:

அடுத்து மூன்றும் பகா எண்ணாக வருவது க = 6-இல். 37 × 73 × 109 = 294409. ஓட்டிப் பார்த்தேன்:

37 அடிமானத்தில் 5, 30, 2, 0
73 அடிமானத்தில் 55, 18, 0
109 அடிமானத்தில் 24, 85, 0

டீச்சரின் 5-உம் 2-உம் அப்படியே நிற்கின்றன.

பழையபாடத்திட்டம்:

சரி, நாணயத்தை எடுத்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், இது அமைப்பிலிருந்து வருகிறது. ஆனாலும் இன்னொன்று. க = 2 போடுங்கள். 13 × 25 × 37 = 12025. 25 பகா எண் இல்லை, 12025 கார்மைக்கேல் எண்ணும் இல்லை. ஆனால் 13 அடிமானத்தில் இலக்கங்கள் 5, 6, 2, 0; கூட்டு 13. அதே அழகு இங்கேயும் இருக்கிறது. பகா எண்ணா இல்லையா என்று இலக்கத்துக்குத் தெரியவில்லையே?

மீதிஒன்று:

ஐயா, நல்ல இடத்தில் கையை வைத்தீர்கள். அமைப்பிலிருந்து இலக்கத்துக்கு வருவது ஒரு திசை. இலக்கத்திலிருந்து எண்ணுக்குப் போகும் மறுதிசைதான் எனக்கு அதைவிடப் பிடித்தது.

ஒன்றைவிடப் பெரிய ஓர் எண். எந்தப் பகாக் காரணியும் அதில் இரண்டு தடவை வரவில்லை. அதன் ஒவ்வொரு பகாக் காரணியின் அடிமானத்திலும் எழுதும்போது இலக்கக் கூட்டு அந்தப் பகா எண்ணாகவே வருகிறது. இது மட்டும் தெரிந்தால் போதும், அது கார்மைக்கேல் எண் என்று அடித்துச் சொல்லிவிடலாம். காரணம் இரண்டு வரிதான். கூட்டு ப என்றால், ப − 1-ஆல் வகுக்கும்போது எண்ணுக்கு மீதி 1. அதுவே கோர்செல்ட் விதி. எண் பகா எண்ணாக இருந்துவிடுமோ என்றால், பகா எண் தன் சொந்த அடிமானத்தில் எப்போதும் 1, 0 என்றுதான் எழுதப்படும். கூட்டு 1, ப இல்லை. ஆகவே தானாகவே விலகிவிடுகிறது.

12025-இல் 5 இரண்டு தடவை வருகிறது (25), முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும்.

பெர்ன்ட் கெல்னரும் ஜொனதன் சோண்டோவும் 2019-இல் இந்த எண்களைத் தனி வகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முதன்மைக் கார்மைக்கேல் எண்கள் என்று சொல்லலாம். வரிசையில் முதல் எண் 1729. அடுத்தது 2821, அதற்கடுத்தது 29341.

இலக்கக் கூட்டு வெறும் வேடிக்கை என்பதற்கு இன்னொரு மறுப்பும் வைக்கிறேன். லெஜாந்தரின் சூத்திரம்: ஓர் எண்ணின் ஃபேக்டோரியலில் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கியது, குறி !) 7 எத்தனை தடவை காரணியாக வரும்? எண்ணிலிருந்து ஏழடிமான இலக்கக் கூட்டைக் கழித்து 6-ஆல் வகுத்தால் விடை. 1729!-இல் 7 வருவது (1729 − 7) ÷ 6 = 287 தடவை. நேராக எண்ணினாலும் 247 + 35 + 5 = 287. எண்கணிதத்தில் அன்றாடம் கையாளும் கருவி இது, இலக்கக் கூட்டு அதன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பிளஸ்ஒன்பையன்:

அண்ணா, கூட்டு சரியாக அடிமானமாக வருவதில் அப்படி என்ன விசேஷம்? 13 வந்தால் என்ன, 19 வந்தால் என்ன?

மீதிஒன்று:

நல்ல கேள்வி தம்பி. அது ஒரு எல்லைக்கோடு. பெர்னூலி பல்லுறுப்புக்கோவை என்று ஒன்று உண்டு. 1, 2, 3... இவற்றின் அடுக்குகளைக் கூட்டும் சூத்திரங்களில் வரும். அதன் மாறிலி உறுப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சும் கோவையின் பின்னங்களுக்குப் பொதுவான பகுதி எது? கெல்னர் நிறுவிய விடை: படியை எந்தப் பகா எண்ணின் அடிமானத்தில் எழுதினால் இலக்கக் கூட்டு அந்தப் பகா எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ வருகிறதோ, அந்தப் பகா எண்களின் பெருக்கல்.

சின்னதாகப் பார். படி 5. இரண்டடிமானத்தில் 101, கூட்டு 2, சேரும். மூன்றடிமானத்தில் 12, கூட்டு 3, சேரும். ஐந்தடிமானத்தில் 10, கூட்டு 1, சேராது. ஆகவே பகுதி 2 × 3 = 6. கோவையை எழுதினால் பின்னங்கள் 5/2, 5/3, 1/6. பொதுப் பகுதி 6.

படி 1729 என்றால் 7, 13, 19 மூன்றும் அந்தக் கோட்டில் மில்லிமீட்டர் பிசகாமல் கால் வைத்து உள்ளே நுழைகின்றன. கூட்டு ஒன்று குறைந்திருந்தாலும் வெளியேதான். ராமானுஜன் 1911-இல் வெளியிட்ட முதல் கட்டுரையே பெர்னூலி எண்களைப் பற்றியது என்பதையும் நினைத்துக்கொள். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட எண்ணும் அவர் முதலில் எழுதிய பொருளும் இங்கே கைகோத்து நிற்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஸ்வரக்கோவை:

கணக்கில் ஆர்வம் உண்டு, தொழில் பாட்டு சொல்லிக்கொடுப்பது. கொஞ்சம் பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போகிறேன், மன்னிக்கவும். நிலையான அடிமானம் இல்லாத எண்முறையும் உண்டே? இட மதிப்புகள் 1, 10, 100 என்று போகாமல் 1!, 2!, 3!, 4!... அதாவது 1, 2, 6, 24, 120, 720 என்று போகும். வலமிருந்து முதல் இடத்தில் இலக்கம் 1 வரை, இரண்டாம் இடத்தில் 2 வரை, இப்படி.

1729-ஐ அதில் எழுதினால்: 2×720 + 2×120 + 2×24 + 0×6 + 0×2 + 1×1. அதாவது 222001. கண்ணுக்கு எவ்வளவு லட்சணம்!

இந்த முறையைப் பற்றி 1888-இல் பிரான்சின் லேசான் எழுதினார் என்று கணிதப் புத்தகங்களில் இருக்கும். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் இருந்த சார்ங்கதேவர், சங்கீத ரத்னாகரத்தில் ஸ்வரப் பிரஸ்தாரத்துக்கு (ஸ்வரங்களை எல்லா வரிசையிலும் அடுக்குவதற்கு) சொல்லும் கண்டமேரு என்ற அட்டவணை இதே எண்ணிக்கைதான். ஏழு ஸ்வரங்களை 5040 விதமாக அடுக்கலாம். எத்தனையாவது வரிசை எது என்று கேட்டால், பட்டியல் முழுவதும் எழுதாமலே சொல்ல வேண்டும்.

மூன்று ஸ்வரத்துக்கு அவர் வரிசை: ஸரிக, ரிஸக, ஸகரி, கஸரி, ரிகஸ, கரிஸ. கடைசி ஸ்வரம் இரண்டிரண்டாக க, ரி, ஸ என்று இறங்குவதைப் பாருங்கள்.

ஏழு ஸ்வரத்தில் 1729-ஆவது எது? அதற்கு முன்னால் 1728 வரிசைகள் கழிந்திருக்க வேண்டும்: 2×720 + 2×120 + 2×24. கடைசி ஸ்வரம் நி-யில் முடிபவை 720, த-வில் முடிபவை 720, இரண்டும் கழிந்தன. ஆகவே கடைசி ப. மிஞ்சிய ஸ ரி க ம த நி-யில் மேலிருந்து இரண்டைத் தள்ளினால் ம. மறுபடி ஸ ரி க த நி-யில் இரண்டைத் தள்ளினால் க. மற்றவை இயல்பு வரிசையிலேயே நிற்கும். விடை:

ஸ ரி த நி க ம ப

பாடிப் பார்த்தேன். மேலே ஏறி நின்று, திரும்பக் கீழே வந்து, நடுவில் ஏறுகிறது.

நிரலன்:

அற்புதம்! பத்து இலக்கங்களின் வரிசைகளில் பத்து லட்சமாவது எது என்று நிரல் போட்டிகளில் கேட்பார்கள். இதே முறையில்தான் செய்வோம்; வரிசை மட்டும் இடமிருந்து மாறும். சார்ங்கதேவர் வரை போகும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. 222001-இன் இலக்கக் கூட்டு 7, அதுவும் 1729-ஐ வகுக்கிறதே?

மீதிஒன்று:

வகுக்கிறது, 7 × 247. ஆனால் இதற்கு மேலே பார்த்தது போன்ற காரணம் எதுவும் இல்லை. ஃபேக்டோரியல் எண்முறையில் இலக்கக் கூட்டுக்கும் மீதிக்கும் அப்படி ஒரு பிடிப்பு கிடையாது, இட மதிப்புகள் ஒரே மீதியைத் தருவதில்லையே. அங்கே கூட்டு சொல்வது வேறு: அந்த வரிசையில் எத்தனை ஜோடிகள் தலைகீழாக நிற்கின்றன என்பதை. ஸ ரி த நி க ம ப-வில் த-வுக்குப் பின்னால் க, ம, ப. நி-க்குப் பின்னால் க, ம, ப. ஆறு ஜோடி. முன்னால் கழிந்த 1728-ஐ எழுதினால் 222000, அதன் கூட்டும் ஆறு.

பழையபாடத்திட்டம்:

இந்த வேறுபாட்டைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இலக்கக் கூட்டு ஒவ்வோர் எண்முறையிலும் வேறொன்றை அளக்கிறது. பத்தில் 9-இன் மீதி, பகா அடிமானத்தில் கோர்செல்ட் விதி, சார்ங்கதேவரிடம் தலைகீழ் ஜோடிகள். என்ன அளக்கிறது என்று தெரிந்த பிறகு பேசினால் அது கணிதம். பத்தடிமானத்தின் 19 × 91 பற்றி என் கருத்து மாறவில்லை. 5, 0, 2, 0-ஐ மட்டும் வகுப்பில் சொல்வேன்.

நான்கு காரணி உள்ள கார்மைக்கேல் எண்களில் என்ன நடக்கிறது, நிரலன்?

நிரலன்:

நான்கு காரணியில் மிகச் சிறியது 41041 = 7×11×13×41, ஐயா. கூட்டுகள் 13, 21, 25, 41. பெரிய காரணி மட்டும் பொருந்துகிறது. 7×11×13 = 1001, இது 41×41 = 1681-க்குள் இருக்கிறது, மீதிஒன்று சொன்ன வாதம் அப்படியே. மற்ற மூன்றும் வரிசையில் அடுத்த படிக்கு எகிறிவிட்டன.

பிளஸ்ஒன்பையன்:

நானும் 2821-ஐக் கையால் போட்டேன். 7 அடிமானத்தில் 1, 1, 1, 4, 0. 31-இல் 2, 29, 0. ஆனால் 13 அடிமானத்தில் பாருங்கள்: 1, 3, 9, 0. மூன்றின் அடுக்குகள் வரிசையாக வருகின்றன! 1+3+9 = 13. இதற்கும் காரணம் இருக்குமா அண்ணா?

மீதிஒன்று:

அழகாகப் பிடித்தாய். கடைசி 0-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 7 × 31 = 217 = 13² + 3×13 + 3². இந்த மாதிரி மூன்று உறுப்பைப் பார்த்தவுடன் கனங்களின் வித்தியாசம் நினைவுக்கு வர வேண்டும்: 13³ − 3³ = (13 − 3)(13² + 3×13 + 3²). சரிபார், 2197 − 27 = 2170 = 10 × 217.

இப்போது உனக்கு வேலை. கூட்டு 1 + 3 + 9 = 13 என்பதும் இதே வகைதான், 3³ − 1 = 2 × 13. 3-க்குப் பதில் 5 வைத்தால் 1 + 5 + 25 = 31, அதுவும் பகா எண். 31 அடிமானத்தில் 1, 5, 25, 0 எந்த எண் என்று கண்டுபிடித்து, காரணிப்படுத்தி, அது கார்மைக்கேல் எண்ணா என்று இங்கே வந்து எழுது.

பிளஸ்ஒன்பையன்:

31 × (961 + 155 + 25) = 31 × 1141 = 35371. 1141 = 7 × 163. ஆகவே 7 × 31 × 163. 35370-ஐ 6-ஆல் வகுத்தால் 5895, சரி. 30-ஆல் வகுத்தால் 1179, சரி. 162-ஆல் வகுத்தால் 218, மீதி 54. கார்மைக்கேல் எண் இல்லை அண்ணா. 163 அடிமானத்தில் 1, 54, 0, கூட்டு 55. அங்கேயே உடைந்துவிடுகிறது.